முள்வாங்கி

எண்பதுகளில், ஆட்டையாம்பட்டிப் பக்கம் தள்ளித் தள்ளிக் கிடந்த நிலங்களுக்குச் சீமைக்கருவேலம் எப்படித் தாவுகிறது என்று வரைபடம் போட்டுக்கொண்டிருந்தபோது அந்த ஆட்டுக்காரரைச் சந்தித்தேன். எருவுக்காக நிலம் நிலமாக ஆட்டுப்பட்டி போடுபவர். இடுப்பில் முள்வாங்கி தொங்கும். குனிந்து ஆட்டின் குளம்பில் முள் எடுக்கும்போதெல்லாம் அந்த மரத்தைத் திட்டுவார்.

"உங்க ஆடு காயைத் தின்னு போடற புழுக்கையிலதானுங்க அது மொளைக்குது," என்றேன்.

"தெரியுமுங்க சாமி. எருவு வேணுமின்னு கூப்புடறாங்க, போறேன். முள்ளு வேணுமின்னு ஆரும் கூப்புடலீங்களே."

"அடுத்து எங்கீங்க?"

"உங்க மாமனாரு காட்டுக்குத்தானுங்க."

எருவோடு முள்ளும் வரும் என்று மாமனாரிடம் சொன்னேன். எருதான் முக்கியம் என்றார். வரைபடத்தில் அவர் நிலத்தின்மேல் முன்கூட்டியே ஒரு புள்ளி வைத்தேன். என் கணிப்புகளில் பிசகாமல் பலித்தது அது ஒன்றுதான்.

பிறகு மாமனாரின் குதிகாலில் ஏறிய முள்ளை எடுத்தவரும் அந்த ஆட்டுக்காரர்தான். எடுக்கும்போது மரத்தைத் திட்டினார்.