எது முதலில்? ஒரு பஞ்சாயத்து குமாஸ்தா கண்ட கூட்டங்கள்

பஞ்சாயத்து ஆபீஸ் குமாஸ்தாவின் வேலை, பத்துப் பேர் ஒரே நேரத்தில் கத்தியதை ஒரே மனிதர் நிதானமாகப் பேசியதைப் போல எழுதி வைப்பது. ஏதாவது ஒரு சங்கத்திலோ கோயில் கமிட்டியிலோ செயலாளராக மாட்டிக்கொண்டு முழித்தவர்களுக்கு என் கஷ்டத்தை விளக்க வேண்டியதில்லை.

ஐம்பதுகளின் கடைசியிலும் அறுபதுகளின் தொடக்கத்திலும் நான் இந்த வேலையில் இருந்தேன். விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில், பாசஞ்சர் ரயில் மட்டும் நின்று போகிற சின்ன ஊர். பெயர் வேண்டாம். காலை வண்டியில் விழுப்புரத்திலிருந்து போய், சாயங்கால வண்டியில் திரும்புவேன். அந்த ஊருக்கு எல்லாமே தேவைப்பட்டது. பணமோ ஒரு சமயத்தில் ஒரு வேலைக்குத்தான் வரும். அதனால் கூட்டத்துக்குக் கூட்டம் ஒரே கேள்விதான்: எதை முதலில் செய்வது? அதற்கு அந்த மனிதர்கள் பதில் கண்டுபிடித்த விதத்தை நினைத்தால், இத்தனை வருஷம் கழித்தும் எனக்கு ஆச்சரியம் அடங்கவில்லை.

மாடா, ரேடியோவா?

நான் வேலையில் சேர்ந்த மாதம் குப்பை வண்டி மாடு செத்துப்போயிருந்தது. அதே கூட்டத்தில், பார்க்கில் வைக்க ஒரு பேட்டரி ரேடியோ வாங்கலாம் என்ற யோசனையும் வந்தது. தலைவர் கோதண்டராமன் மல்லாட்டை வியாபாரி; வேர்க்கடலைக்கு அந்தப் பக்கம் அதுதான் பெயர். "மாடு முதல்ல" என்றார். அவரைத் தவிர எல்லோரும் ரேடியோ பக்கம். "திண்டிவனத்துல பாடுது, விழுப்புரத்துல பாடுது, நாம மட்டும் என்ன இளைச்சவங்களா?" என்று ஒருவர் மேஜையைத் தட்டினார். ரேடியோ ஜெயித்தது.

முதல் நாள் சாயங்காலம் ஊரே பார்க்கில் கூடிவிட்டது; நானும் அன்றைக்கு வண்டியை விட்டுவிட்டேன். பக்கத்துக் கிராமங்களிலிருந்துகூட வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். பாட்டு ஆரம்பித்தபோது ஒரு குழந்தைகூட அழவில்லை. அப்போது காற்று திரும்பியது. அள்ள வண்டி இல்லாததால் ஊர்க் குப்பை முழுவதும் பார்க்குக்குப் பின்னால்தான் மலையாகக் கிடந்தது. நான் எழுந்து ஓடப் பார்த்தேன். மற்றவர்கள் யாரும் அசையவில்லை. துண்டையும் முந்தானையையும் மூக்கில் கட்டிக்கொண்டு கடைசிப் பாட்டு வரைக்கும் உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தில் இருந்த சலூன்காரர் என்னிடம் சொன்னார்: "பாட்டு நல்லாத்தான் கீது சார். ஆனா மூக்கத் தொறந்தா காது அடைச்சிக்குது."

சுடுகாட்டுப் பாதை

ஐந்தாண்டுத் திட்டத்துக்காக, ஊருக்கு அவசரமான வேலைகளை வரிசைப்படுத்தி அனுப்பும்படி மேலிடத்திலிருந்து கேட்டிருந்தார்கள். தலைவர் ஒவ்வொரு உறுப்பினராகக் கேட்டுக்கொண்டு வந்தார். முதல் ஆள் தன் தெருவுக்குச் சாக்கடை கேட்டார். அடுத்தவர் தன் தெருவுக்கு ரோடு. மூன்றாமவர் தன் வீட்டு வாசலுக்கு வருகிற மாதிரி ஒரு சிறு பாலம். நானும் சலிக்காமல் எழுதிக்கொண்டே வந்தேன்.

கடைசியாக ரஹீம் பாய். கடைத் தெருவில் இரும்புக் கடை வைத்திருந்தவர். கூட்டத்தில் அதிகம் பேச மாட்டார். "சுடுகாட்டுப் பாதைக்கு மண்ணடிக்கணும்" என்றார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "பாய், உங்க கபரஸ்தான் மேட்டுல இல்ல கீது? உங்களுக்கு என்ன கஷ்டம்?" என்று ஒருவர் கேட்டே விட்டார்.

பாய் மெதுவாகச் சொன்னார். அவர் கடைக்குப் பக்கத்துக் கடை சோடாக்காரர் ஐப்பசி மழையில் இறந்துபோனார். பாயும் பின்னாலேயே நடந்து போயிருக்கிறார். ஏரி வாய்க்காலைத் தாண்டும்போது சேறு முழங்காலுக்கு மேலே ஏறிவிட்டது. பாடை தூக்கியவர்களில் ஒருவர் சறுக்கி விழ, சோடாக்காரரும் தண்ணீரில் விழுந்தார். இருபது வருஷம் பக்கத்துக் கடையில் உட்கார்ந்திருந்த மனிதரை, பாயும் சேர்ந்துதான் சேற்றிலிருந்து தூக்கி எடுத்திருக்கிறார். முதலில் சாக்கடை கேட்டவர்தான் கையைத் தூக்கினார். ஒவ்வொரு கையாக எல்லாம் உயர்ந்தன. எங்கள் நிர்வாக அதிகாரி மட்டும், வளர்ச்சித் திட்டத்தில் சுடுகாட்டை முதலில் போட்டு அனுப்பினால் மேலே சிரிப்பார்கள் என்று தயங்கினார். அவருக்கு பாய் சொன்ன பதில்: "உசுரோட கீற நாம சுத்திக்கினு போய்க்கலாம் சார். போனவருக்கு அது முடியலீங்களே."

விளக்கு எங்கே வேண்டும், எங்கே வேண்டாம்

மின்சாரம் கடைத் தெரு வரைக்கும் வந்துவிட்டது. அடுத்து தெரு விளக்கு. கிடைத்த விளக்குகளோ தெருக்களைவிடக் குறைவு. கோயில் வாசலுக்கு ஒன்று, ஸ்டேஷன் ரோட்டுக்கு ஒன்று என்று பங்கு பிரித்துக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் தனபாக்கியம் அம்மாள் முதல் தடவையாக வாய் திறந்தார். பெண் உறுப்பினர் ஒருவர் இருக்க வேண்டும் என்பதற்காக நியமிக்கப்பட்டவர். வாடகை சைக்கிள் கடை நடத்தியவர். அதுவரைக்கும் வந்து, உட்கார்ந்து, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்.

"முதல் விளக்கு ஏரிக்கரைப் பாதைக்கு வேணும்" என்றார். அங்கே வீடும் இல்லை, கடையும் இல்லையே என்றார் தலைவர். அம்மாள் தலையைக் குனியவில்லை. "பொம்பளைங்க இருட்டினப்புறம் எங்க போறாங்கன்னு உங்க வீட்டுல கேளுங்க. போன மாசம் எங்க தெருப் பொண்ணு அந்தப் பாதையில பாம்ப மிதிச்சா. ஆஸ்பத்திரிக்கு வண்டி கட்டறதுக்குள்ள போயிட்டா. கைப்புள்ளக்காரி." உறுப்பினர்கள் எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள். நான் பேனாவின் முனையைப் பார்த்தேன்.

தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "செஞ்சிடலாம்மா. கரை முழுக்கப் போட்டுடலாம்" என்றார். அம்மாள் பதறிவிட்டார். "ஐயையோ, அப்படிப் பண்ணிடாதீங்க! பாதை முடியற வரைக்கும் போடுங்க, போதும்." எனக்கு இதை எப்படித் தீர்மானமாக எழுதுவது என்றே தெரியவில்லை. அதையும் அவரே தீர்த்துவைத்தார்: "ஏரிக்கரைப் பாதைன்னு எழுதிக்குங்க சார். எதுக்குன்னு எழுத வேணாம், எதுவரைக்கும்னு மட்டும் எழுதுங்க."

தலைகீழாகத் தெரிந்த தலைவர்

குடிதண்ணீர்த் தொட்டி கட்ட அனுமதி வந்தது. எங்கே கட்டுவது என்று பார்க்க ஓவர்சியர் வந்தார். ஊரிலேயே மேடான இடத்தில் கட்டினால்தான் தண்ணீர் எல்லாத் தெருவுக்கும் பாயும். மேடான இடம் எது என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். கோதண்டராமன் தலைவர் மல்லாட்டை காயப்போடும் களம்தான் அது. ஆனால் அதை யார் அவரிடம் சொல்வது? கோயில் பக்கம் மேடு மாதிரி இருக்கிறது, ஸ்டேஷன் பக்கம் மேடு மாதிரி இருக்கிறது என்று உறுப்பினர்கள் ஓவர்சியரைக் காலையிலிருந்து ஊர் சுற்ற வைத்தார்கள்.

உச்சி வெயிலில் களத்துக்கு வந்து சேர்ந்தோம். ஓவர்சியர் முக்காலியை நிறுத்தி, அதன் மேலிருந்த மட்டக் கருவியில் பார்த்து, வியர்வையைத் துடைத்துக்கொண்டார். தலைவர் தானும் பார்க்க வேண்டும் என்றார். குனிந்து கண்ணை வைத்தவர், "என்னய்யா, எதிர்ல நிக்கறவன் தலைகீழாத் தெரியறான்?" என்றார். அந்தக் கருவியில் எல்லாமே அப்படித்தான் தெரியும் என்றார் ஓவர்சியர். "அப்ப என்னையும் தலைகீழாத்தான் பாத்தீங்களா?" என்று கேட்டுவிட்டுத் தலைவர் சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை. அந்தக் களம் போனால் அவருடைய வியாபாரத்தில் பாதி போன மாதிரி.

வரப்பில் நின்றிருந்த அவருடைய மனைவியை அவர் திரும்பிப் பார்த்தார். அந்த அம்மாள் காய்ந்துகொண்டிருந்த மல்லாட்டையைக் காலால் தள்ளிவிட்டபடியே, ஊர் உறுப்பினர்கள் அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: "மல்லாட்டைய நான் மாடியில காயப்போட்டுக்கறேன். தண்ணிய யாரு மேட்டுக்கு ஏத்துவாங்க? குடுத்துட்டு வாங்க, சோறு ஆறுது."

கீழேயிருந்து வந்த பள்ளம்

தொட்டி வளர்ந்தது. வாங்கிய குழாய், ஒரே ஒரு பாதைக்குத்தான் காணும். கடைத் தெருவைச் சுற்றிப் போடலாம். அல்லது நேராகக் காலனி வரைக்கும் போடலாம். காலனி ஊரின் கடைசிப் பள்ளத்தில் இருந்தது. அங்கிருந்த ஒரே கிணறும் உப்பு. கோடையில் வாந்திபேதி வந்தால் முதலில் அங்கேதான் வரும். காலனியிலிருந்து வந்த உறுப்பினர் மாணிக்கம். மல்லாட்டை பிடுங்க ஆள் கூட்டிக்கொண்டு போகும் மேஸ்திரி. கூட்டத்தில் அவருக்கு ஆதரவாக பாயும் தனபாக்கியம் அம்மாளும் மட்டும்தான். கை தூக்கினால் தோற்பது நிச்சயம்.

மாணிக்கம் எழுந்து, "காலனிக்குப் போடறதா இருந்தா பள்ளம் நாங்களே தோண்டிடறோம். கூலி வேணாம்" என்றார். கடைத் தெரு உறுப்பினர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வையின் அர்த்தம் எனக்கும் புரிந்தது. தொட்டியிலிருந்து பள்ளம் தோண்டிக்கொண்டு வந்தால் முதலில் வருவது கடைத் தெரு. அதற்குள் மல்லாட்டை அறுவடை வந்துவிடும். காலனி ஆட்கள் வேலைக்குப் போய்விடுவார்கள். குழாய் கடைத் தெருவோடு நின்றுவிடும், தோண்டிய கூலியும் மிச்சம். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

மறுநாள் காலை நானும் ஓவர்சியரும் தொட்டிக்குப் போனோம். ஈ, காக்கை இல்லை. "ஏமாத்திட்டாங்கய்யா" என்று ஓவர்சியர் கத்தினார். விசாரித்துக்கொண்டு காலனிக்குப் போனோம். அங்கே ஆணும் பெண்ணுமாக ஊரை நோக்கித் தோண்டிக்கொண்டிருந்தார்கள். கடைசி வீட்டு வாசலிலிருந்து பள்ளம் ஆரம்பித்திருந்தது. வேலைக்குப் போகும் முன் ஒரு வேளை, வந்த பிறகு ஒரு வேளை. அறுவடை வந்தபோதும் அது நிற்கவில்லை. வயலில் குனிந்த முதுகு இங்கே வந்தும் குனிந்தது. பாறை குறுக்கிட்டபோது ரஹீம் பாய் கடையிலிருந்து கடப்பாரைகள் வந்தன. ஒரு நாள் பள்ளம் கடைத் தெரு முனைக்கே வந்து ரோட்டைக் குறுக்கே வெட்டியது. வண்டிகள் நின்றன. வியாபாரிகள் ஆபீசுக்கு ஓடி வந்து, சீக்கிரம் குழாயைப் போட்டு மூடித் தொலையுங்கள் என்று எங்களையே விரட்டினார்கள்.

நான் மாணிக்கத்திடம், "மேஸ்திரி, எதுக்குக் கடைசியிலிருந்து ஆரம்பிச்சீங்க?" என்று கேட்டேன். நெற்றி வியர்வையை விரலால் வழித்து உதறிவிட்டுச் சொன்னார்: "மேலேருந்து தோண்டிக்கினு வந்தா எங்க வேணா நிறுத்துவாங்க சாரு. கீழேருந்து வந்தா தண்ணி கீற எடத்துலதான் நிறுத்த முடியும்."

வரிசை

குழாயில் தண்ணீர் வந்தது. முதலில் செம்மண் நிறத்தில், பிறகு தெளிவாக. வாங்கிய குழாய் அதோடு தீர்ந்துவிட்டதால், கடைத் தெருவுக்கு அடுத்த வருஷம்தான் என்று ஆனது. அதைப் பற்றி யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை, அவர்கள் வீட்டுக் கிணறுகள் நன்றாக இருந்த வரைக்கும். அந்தக் கோடையில் ஏரி வறண்டு, கிணறுகளில் வாளி தரையைத் தட்டியது. தொட்டிக்குத் தண்ணீர் கொடுத்த ஆழக் கிணறு மட்டும் வற்றவில்லை; ஊரில் தண்ணீர் வந்த ஒரே இடம் காலனிக் குழாய்தான்.

முதலில் சில வீடுகளிலிருந்து வேலைக்காரர்கள் குடத்தோடு வந்தார்கள். ஒரு குடத்துக்கே பாதி நாள் போகிறது என்று அவர்களும் வருவதை நிறுத்திவிட்டார்கள். என்ன ஆனாலும் அந்தப் பக்கம் கால் வைக்க மாட்டோம் என்று ஏரி மணலில் ஊற்றுத் தோண்டியவர்களும் உண்டு. முதலில் துணிந்தது தனபாக்கியம் அம்மாள்தான். இடுப்பில் குடத்தோடு போய், காலனிப் பெண்களுக்குப் பின்னால் நின்றார். இரண்டு நாளில் அவருக்குப் பின்னால் கடைத் தெருப் பெண்கள் ஏழெட்டுப் பேர்.

குழாயைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை மாணிக்கத்தின் மனைவி முனியம்மா தானாகவே எடுத்துக்கொண்டிருந்தார். சண்டை வருமோ என்று பயந்து தலைவர் என்னை அங்கே அனுப்பியிருந்தார். நான் போய் நின்ற நேரத்தில், பட்டுக்கரைச் சேலை கட்டிய ஓர் அம்மாள் வரிசையை விட்டு நேராகக் குழாயடிக்கு வந்து பித்தளைக் குடத்தை நீட்டினார். கடைத் தெருவில் பெரிய கடைக்காரர் வீடு. முனியம்மாவின் கணவருக்கு வருஷத்தில் பாதி நாள் வேலை கொடுப்பது அந்தக் குடும்பம்தான். முனியம்மா குரலை உயர்த்தவில்லை. கையிலிருந்த மண்பானை நிரம்பும் வரைக்கும் குழாயை விட்டுக் கண்ணை எடுக்கவும் இல்லை. நிரம்பியதும் அதை ஒரு கிழவியின் இடுப்பில் தூக்கி வைத்துவிட்டு, அந்த அம்மாளை நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்: "வாங்கம்மா, வெயில்ல வந்துக்கினு கீறீங்க. தண்ணி எல்லாருக்கும் வரும். முன்ன வந்தவங்களுக்கு முன்ன, பின்ன வந்தவங்களுக்குப் பின்ன. கடைசியில போய் நில்லுங்க."

அந்த அம்மாள் போய் நின்றார்.

ஒரு ஊருக்கு முதலில் என்ன வேண்டும் என்பது ஊருக்கு எப்போதோ தெரிந்துவிடுகிறது. அது ஆபீசுக்குத் தெரிய வருவதற்குத்தான் ஒரு தலைவர், பத்து உறுப்பினர்கள், ஒரு குமாஸ்தா எல்லாம் வேண்டியிருக்கிறது.