டிஷ்யூ பாக்கெட் வைத்த நாற்காலி

எப்போதும் கதவு பூட்டியே இருக்கும் எங்கள் மனநல வார்டைத் தீவின் மறுகோடியில் கட்டியிருக்கும் புதுக் கட்டடத்துக்கு மாற்றுவதென்று முடிவானதும், மனநலத் தாதிகளான எங்கள் கவலைகளைக் கேட்க நிர்வாகம் கூட்டம் போட்டது. கவலைகள் கொட்டின. அங்கே கார் நிறுத்த இடம் கிடைக்குமா? பக்கத்தில் உருப்படியான கோப்பிக் கடை உண்டா? பொய் சொல்வானேன், என் வீடிருக்கும் புக்கிட் பாஞ்சாங்கிலிருந்து எத்தனை பஸ் மாற வேண்டுமென்று நானும் கேட்டேன்.

அதற்குப் பிறகுதான் அங்கிளைப் பற்றிக் கேட்டேன். எங்கள் வார்டில் பல வருடங்களாக இருக்கும் நோயாளி. ஜன்னலோரத்து நாற்காலிதான் அவருக்கு எல்லாம். சாப்பிடப் போனாலும் குளிக்கப் போனாலும் அதன்மேல் ஒரு டிஷ்யூ பாக்கெட்டை வைத்துவிட்டுப் போவார், இந்த ஊர் உணவங்காடியில் நாமெல்லாம் டிஷ்யூ வைத்து மேசை பிடிக்கிற மாதிரி. கதவை உதைப்பவர்கள்கூட அந்த நாற்காலியைத் தொட்டதில்லை. பெரிய டாக்டரும் அதன் பக்கத்தில் நின்றுகொண்டேதான் பேசுவார்.

இந்த அங்கிள் புது இடத்துக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். கடைசிவரை மறுத்தால் மயக்க ஊசி போட்டுத் தூக்கிப் போவதாக ஏற்பாடு. அதைத் தவிர்க்க வழியில்லையா என்று கேட்டேன். என் கவலையைக் கவனத்தில் எடுத்துக்கொண்டதாக மேடையிலிருந்து பதில் வந்தது. கார் நிறுத்தும் விஷயத்துக்குத் தனிக் குழு அமைத்தார்கள்.

அடுத்து இடமாற்றத்துக்கு ஒத்திகை. நோயாளிகளாக ஊழியர்களே நடிக்க வேண்டும். அங்கிளாக நான் நடிக்கிறேன் என்றேன். அவரை நோகாமல் அழைத்துப் போக யாருக்காவது வழி தோன்றாதா என்ற நப்பாசைதான். தத்ரூபமாக இருக்கட்டுமென்று கதவு திறக்கும் எங்கள் பாஸ் அட்டைகளையும் கைப்பேசிகளையும் வாங்கிக்கொண்டு, கையில் நோயாளிப் பட்டை கட்டினார்கள். நான் வேறொரு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு அடம்பிடித்தேன். நேரமாகிறது, வந்ததாக வைத்துக்கொள்வோம் என்றார் மேலாளர். நானும் எழுந்துவிட்டேன். பார்த்துக்கொண்டிருந்த அங்கிளுக்கு என் நடிப்பு பிடிக்கவில்லை.

"இவ்ளோ ஈசியா எந்திரிக்கக் கூடாதுலா, மிஸ்ஸி" என்றார். அவர் வயதுக்காரர்களுக்குத் தாதி என்றால் மிஸ்ஸிதான்.

பிறகு வேனில் புது வார்டுக்குக் கொண்டுபோய், எங்களை உள்ளே விட்டுப் பூட்டி, ஒத்திகை அமோகம் என்று கைதட்டிவிட்டு, நிர்வாகம் சாப்பிடப் போய்விட்டது. எங்கள் பாஸ்களும் கூடவே போயின. வாசலில் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த பாதுகாவலர். நாங்கள் ஊழியர்கள், கதவைத் திறங்கள் என்றோம்.

"இங்க எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்கன்னு டிரெய்னிங்ல சொன்னாங்க" என்றார், மரியாதையாகத்தான்.

கோபத்தில் கத்திய மூத்த தாதியிடம், மூச்சை மெதுவாக இழுத்து விடச் சொன்னார். நாங்கள் வருடக்கணக்காகப் பிறருக்குச் சொல்லிவந்த அறிவுரை. அதைக் கேட்டால் எவ்வளவு எரிச்சல் வரும் என்று அன்றுதான் தெரிந்தது.

அந்தக் கூடத்தில் ஜன்னலோரம் ஒரு நாற்காலி இருந்தது. அதைப் பிடித்து உட்கார்ந்துகொண்டேன். கதவைத் தட்ட என் முறை வந்து எழுந்தபோது, தேக்கா சந்தையில் வாங்கிய டிஷ்யூ பாக்கெட்டைக் கை தானாக எடுத்து நாற்காலியில் வைத்தது. வெளியே போகத் துடிக்கிறேன், உள்ளே என் இடமும் பறிபோகக் கூடாது. முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் அங்கிளின் நினைவு வந்தது.

மேலாளர் திரும்பி வந்து எங்களை விடுவித்தபோது பாக்கெட்டை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். தொடாதீர்கள் என்று யாரிடமும் சொல்லவில்லை. இந்த ஊரில் அதைச் சொல்ல வேண்டியதில்லை. நாங்கள் மாட்டிக்கொண்ட கதை பழைய வார்டுக்குப் பரவி, நோயாளிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

இடம் மாறும் நாளில் தட்டில் ஊசி தயாராக இருந்தது. அங்கிளின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தேன்.

"அங்கிள், அங்க ஜன்னல் பக்கம் உங்களுக்கு இடம் பிடிச்சு வச்சிருக்கேன்."

"டிஷ்யூ வச்சீங்களா?"

"வச்சிருக்கேன்."

கொஞ்சம் யோசித்தார். "அப்ப போகணும். இடத்தப் பிடிச்சிட்டு ரொம்ப நேரம் வராம இருந்தா நல்லா இருக்காது."

தன் பாக்கெட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, அவரே நடந்து வந்து வேனில் ஏறினார். ஊசி தட்டிலேயே கிடந்தது.

புது வார்டில் என் பாக்கெட் வைத்த இடத்திலேயே இருந்தது. ஜன்னலுக்கு வெளியே தெரிந்ததெல்லாம் கார் நிறுத்துமிடம்தான். அங்கிள் உட்கார்ந்து பார்த்தார், தலையாட்டினார். பிறகு எழுந்து, இன்னொரு நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டு, தன் பாக்கெட்டை அதன்மேல் வைத்தார்.

"இது உங்களுக்கு, மிஸ்ஸி. மறுபடி உங்கள உள்ள வச்சுப் பூட்டிட்டாங்கன்னா இடம் வேணும்ல."

எனக்கு அழுகை வந்துவிட்டது. கண்ணைத் துடைக்க டிஷ்யூ கையெட்டும் தூரத்தில் இருந்தது. எடுத்தால் இடம் போய்விடுமே என்று புறங்கையால் துடைத்துக்கொண்டேன்.