கம்பளக் கடையில் கூடிய நீதிமன்றம்

பேய்க்கதை சொல்பவர்களிடம் சாட்சி கேட்டு மடக்குவது என் வழக்கம். இந்த அனுபவத்துக்கு என்னிடமும் உருப்படியான சாட்சி இல்லை. நீங்கள் ஐயப்படுவதில் தவறும் இல்லை.

எண்பதுகளின் பிற்பகுதியில் ரொறன்ரோவில் இலக்கியம் படித்துக்கொண்டே, நீதிமன்றங்களில் தமிழருக்கு மொழிபெயர்த்து வந்தேன். ஸ்காபரோவில் கைவிடப்பட்ட கம்பளக் கடையொன்றை உள்ளூராட்சிச் சபை வாடகைக்கு எடுத்துக் கிளை நீதிமன்றமாக்கியிருந்தது. யோகநாதன் அண்ணையின் வழக்கு அங்கேதான் நடந்தது. மனைவியை இழந்தவர், எட்டு வயது மகள் மாலினியை வீட்டில் தனியே விட்டு வேலைக்குப் போயிருக்கிறார். அதிகாரிகள் பிள்ளையைச் சிறுவர் காப்பகத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

"ஊரிலை எட்டு வயசுப் பிள்ளை தம்பியையும் சேர்த்தெல்லோ பாக்கும், தங்கச்சி?" என்று என்னிடம் கேட்டார்.

இறுதி விசாரணையன்று காலை இருவரும் வழக்கம்போல அங்கே போனோம். கதவு திறந்திருந்தது. மேடையில் முன்பு காணாத ஒரு முதிய நீதிபதி. அண்ணை சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, பிள்ளை தகப்பனிடமே திரும்பவேண்டும் என்றார். வெளியே வந்ததும் அண்ணை பக்கத்துக் கடைக்கு ஓடி, மாலினிக்குப் பனிச் சப்பாத்து வாங்கினார்.

பிள்ளையை எப்போது கூட்டிப்போகலாம் என்று கேட்க மறுநாள் காப்பகத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். வழக்கு நகர மையத்து நீதிமன்றத்தில் நடந்ததாகவும், தகப்பன் வராததால் பிள்ளை நிரந்தரமாக அரசின் பொறுப்புக்குப் போய்விட்டதாகவும் சொன்னார்கள். கிளை நீதிமன்றத்தைச் சபை முந்திய மாதமே மூடிவிட்டதாம்; அந்த அறிவித்தல் எங்களுக்கு வந்து சேரவில்லை. நாங்கள் விரைந்து போய்ப் பார்த்தோம். கதவில் சங்கிலி. கண்ணாடிக்கு அப்பால் மேடை இல்லை, நாற்காலி இல்லை, வெறும் சீமெந்துத் தரை.

நகர மையத்தில் முறையிட்டோம். எழுத்தர் சிரித்தார். "கடையிலா தீர்ப்பு வாங்கினீர்கள்? அப்படியானால் அங்கேயே கொடுத்து மாற்றிக்கொள்ளுங்கள்."

நான் அதை மொழிபெயர்க்கவில்லை. சிரிப்பு அண்ணைக்கு விளங்கியது. மேன்முறையீடும் தோற்றது, மாலினியை வேறொரு குடும்பம் தத்தெடுத்துவிட்டது.

கடைசியாகக் கண்டபோது அவரிடம், "அன்றைக்கு நான் மொழிபெயர்த்ததில் ஏதும் பிழை விட்டேனோ, அண்ணை?" என்று கேட்டேன்.

அவர் வியப்போடு பார்த்தார். "நீங்கள் எங்கை கதைச்சனீங்கள்? பக்கத்திலை பேசாமல் நிண்டனீங்கள். அந்த ஐயா எங்கடை தமிழிலை எல்லோ கதைச்சவர்!"

நீதிபதி பேசியது ஆங்கிலம். ஒவ்வொரு வாக்கியத்தையும் நான்தான் தமிழாக்கினேன். தொண்டை வறண்டு நடுவில் தண்ணீர் கேட்டதும், யாரோ ஒரு குவளையை என் கையில் வைத்ததும், அதன் குளிரும் எனக்கு இன்றும் நினைவிருக்கின்றன.