அக்காவின் அத்தியாயத்தில் சில திருத்தங்கள்

எதைப் பார்த்தாலும் அதில் ஒரு திருத்தம் சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும். கல்யாண வீட்டில் பந்தி பரிமாறும் வரிசை சரியில்லை என்பேன். கரமனை ஸ்டாப்பில் பஸ்ஸை எங்கே நிறுத்த வேண்டும் என்று கண்டக்டருக்கே பாடம் எடுப்பேன். ஆபீஸில் என் மேஜைக்கு வந்த பைல் எதுவும் சிவப்பு மையில் குளிக்காமல் திரும்பியதில்லை. "ஒன்கிட்ட கொடுத்தா பஞ்சாங்கத்துலயும் மிஸ்டேக் கண்டுபிடிப்பேடா" என்று அக்கா சிரிப்பாள். அதை ரொம்ப நாள் பாராட்டு என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

திருவனந்தபுரம் கிழக்கே கோட்டைப் பக்கம் பிரவுசிங் சென்டர்கள் முளைத்துக்கொண்டிருந்த காலம் அது. தமிழில் கூட்டாகக் கதை எழுதும் ஒரு மின்னஞ்சல் குழுவில் போய்ச் சேர்ந்தேன். ஒருவர் ஓர் அத்தியாயம் எழுதிப் போடுவார். அவர் விட்ட இடத்திலிருந்து அடுத்தவர் தொடர வேண்டும். சென்னை, மதுரை, துபாய், அமெரிக்கா என்று எங்கெங்கிருந்தோ ஆட்கள். குழுவை நடத்தியவர் சிங்கப்பூரில் இருந்தார். நான் சேர்ந்த அன்றைக்கே ஒருவர், "திருவனந்தபுரமா? மலையாளி ஒருவர் இவ்வளவு நன்றாகத் தமிழ் எழுதுகிறாரே, பலே!" என்று வரவேற்றார். நல்லெண்ணத்தில் சொன்னதுதான். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. பள்ளிக்கூடத்தில் மலையாளம் படித்து, வீட்டில் தமிழ் பேசி, வார இதழ்களைப் பார்த்து எழுத்துத் தமிழ் கற்றுக்கொண்டவன் நான். அன்றிலிருந்து அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாமல் அந்தக் குழுவுக்கு ஒரு வரி எழுதியதில்லை.

அக்காவைக் குழுவில் சேர்த்துவிட்டதும் நான்தான். அவள் வீடு ஸ்ரீவராகத்தில். அத்திம்பேருக்கு மஸ்கட்டில் வேலை, பையன் ஹாஸ்டலில். அத்திம்பேருக்கு மெயில் அனுப்புவதற்காக வாங்கிய கம்ப்யூட்டர் மீதி நேரமெல்லாம் சும்மா கிடந்தது. தம்பி சிபாரிசில் வந்தவள் என்று யாரும் சொல்லிவிடக்கூடாது என்பது அவள் ரோஷம். அதனால் ஒரு புனைபெயர் வைத்துக்கொண்டாள். நாங்கள் உடன்பிறந்தவர்கள் என்று குழுவில் ஒருவருக்கும் தெரியாது.

அதற்கு முன் அவள் ஒரு கதைகூட எழுதியதில்லை. ஒற்றை விரலால் எழுத்துகளைத் தேடித் தேடித் தட்டினாள். ஒரு பக்கம் முடிந்தால் போன் வந்துவிடும். "கேட்டயோ, இன்னிக்கு அந்த அம்மாவைப் பேச வெச்சுட்டேன். இத்தனை நாளா ஒரு வாய் வார்த்தை பேசாம சமையல் உள்ளயே கெடந்தா. யார் கண்ணுலயும் அவ படவே இல்லை." எங்கள் கதையில் கதாநாயகிக்கு ஓர் அம்மா உண்டு. நாங்களெல்லாம் அவளைக் காப்பி போடுவதற்கு மட்டும் கூப்பிட்டுவிட்டு மறந்துபோவோம். அக்கா அவளைப் பிடித்துக்கொண்டாள். அக்காவின் குரலே மாறிவிட்டிருந்தது. வருஷக்கணக்காகக் காலியான வீட்டோடு பேசிக்கொண்டிருந்தவளுக்கு இப்போது சொல்வதற்கு விஷயம் இருந்தது. இது அவள் கையை விட்டுப் போய்விடக்கூடாதே என்று நான்கூட வேண்டிக்கொண்டேன்.

அவள் எழுதிய இரண்டாவது அத்தியாயத்தில் மகள் வேலைக்காக வெளியூர் கிளம்புகிறாள். அக்கா எழுதியிருந்தாள்: "பஸ் திரும்பி மறைந்ததும் அம்மாவுக்கு விஷமம் தாங்கவில்லை. கதவைச் சாத்தாமல் நின்றாள்."

அந்த இடத்தை இரண்டு தடவை படித்தேன். எங்கள் தெருக்களில் விஷமம் என்றால் மனசு கிடந்து வலிப்பது. மலையாளத்திலிருந்து எங்கள் வீட்டுத் தமிழுக்குள் வந்து உட்கார்ந்துகொண்ட அர்த்தம் அது. சென்னையில் விஷமம் என்றால் குறும்பு. இது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அந்த வரியைப் படிக்கும்போது ஞாபகம் வரவில்லை.

மறுநாள் மடல்கள் வந்து குவிந்தன. "மகள் கிளம்பியதும் அம்மாவுக்கு விஷமம் தாங்கவில்லையாம்! சுவரேறிக் குதித்தாரா?" என்று ஒருவர் ஆரம்பித்தார். "கதவைச் சாத்தாமல் நின்றதே அதற்குத்தான்" என்றார் இன்னொருவர். ஆளாளுக்கு ஒரு நகைச்சுவை. நானும் ஒரு முக்காற்புள்ளியும் ஓர் அடைப்புக்குறியும் தட்டிச் சிரிப்புமுகம் ஒன்று அனுப்பினேன். எல்லாரும் சிரிக்கும்போது ஒருவன் மட்டும் சிரிக்காவிட்டால் ஏன் என்று கேட்பார்களே என்ற பயம். மடலின் தலையில் என் பெயர் இருந்தது. அக்கா பார்த்திருப்பாள்.

சாயங்காலம் போன் வந்தது. சிரிப்புமுகத்தைப் பற்றி அவள் பேச்சே எடுக்கவில்லை.

"விஷமம்னா அங்கெல்லாம் வேற அர்த்தமோடா?"

"ஆமாம் அக்கா. குறும்புன்னு அர்த்தம்."

"அய்யோ. பின்னே விஷமத்துக்கு என்ன சொல்லுவா அவாள்லாம்?"

"வருத்தம்னு சொல்லுவா. துக்கம்னும் சொல்லலாம்."

"துக்கம்னா யாரோ செத்தாப்ல ஆயிடும். வருத்தம் போறாதேடா" என்றாள். "போறாது" என்று மறுபடியும் சொன்னாள்.

அவளை இனி யாரும் கேலி செய்யாமல் காப்பாற்ற வேண்டும் என்று நினைத்தேன். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். 'குழு மேம்படச் சில ஆலோசனைகள்' என்று தலைப்பிட்டு ஒரு நீண்ட மடல் எழுதினேன். யாருடைய முறை எப்போது என்று முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். மற்றவர் உருவாக்கிய பாத்திரத்தைக் கேட்காமல் சாகடிக்கக்கூடாது. துபாய்க்காரர் ஒருவர் கதாநாயகியின் மாமாவைச் சாகடித்து, அடுத்த அத்தியாயத்தில் அவர் எழுந்து வந்து டிபன் சாப்பிட்ட கூத்தெல்லாம் நடந்திருந்தது. கடைசியாக, ஒவ்வோர் அத்தியாயத்தையும் வெளியிடுவதற்கு முன் ஒருவர் படித்து, வட்டார வழக்குகளையும் பிறமொழிக் கலப்பையும் களைந்து தர வேண்டும். குழுவுக்கு இது ரொம்பப் பிடித்துப்போனது. களைகிற வேலையைச் சிங்கப்பூர்க்காரர் என்னிடமே கொடுத்தார். நான் ஒரு தடவைகூட மறுக்கவில்லை. பெருமையாக இருந்தது என்றே சொல்ல வேண்டும்.

முதலில் வந்த அத்தியாயம் அக்காவுடையது. அவள் முறை அப்போது. உட்கார்ந்து களைந்தேன். வருத்தம் போறாது என்றவள் மறுபடியும் விஷமம் என்றே எழுதியிருந்தாள்; அந்த இடத்திலெல்லாம் வருத்தம் வைத்தேன். "எனக்கு அறியாது" என்று அந்த அம்மா சொன்னதை "எனக்குத் தெரியாது" ஆக்கினேன். முடித்துவிட்டுப் படித்தேன். எங்கும் உறுத்தவில்லை. அந்த அம்மா இப்போது எந்த ஊர் அம்மாவாகவும் இருக்கலாம். அப்போதே உள்ளே ஏதோ குறுகுறுத்தது. ஆனாலும் அனுப்பிவிட்டேன்.

சிங்கப்பூர்க்காரர் அதை வெளியிட்டு, பல இடங்களில் திருத்த வேண்டியிருந்ததென்றும், எழுதியவர் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார் என்று நம்புவதாகவும் ஒரு குறிப்புச் சேர்த்தார். அக்கா எல்லாருக்கும் போகும்படி ஒரே ஒரு சொல்லில் பதில் போட்டாள்.

"சாரமில்லை."

எங்கள் வீட்டில் தட்டு உடைந்தால் அதுதான் சொல்வோம். யாராவது காலை மிதித்துவிட்டு மன்னிப்புக் கேட்டாலும் அதுதான். அதனாலென்ன, இருக்கட்டும் என்று அர்த்தம். இதுவும் மலையாளத்திலிருந்து வந்ததுதான். அக்கா எங்களை மன்னித்திருந்தாள். குழுவில் இருந்தவர்களோ அச்சுத் தமிழில் படித்தார்கள். திருத்திய அத்தியாயத்தில் சாரமே இல்லையாம்!

பிடித்துக்கொண்டார்கள். இவ்வளவு திமிர் ஆகாது என்றார்கள். பிழையோடு எழுதுவாராம், திருத்தினால் சாரமில்லையாம் என்றார்கள். அதைவிடக் கொடுமை, எனக்கு ஆறுதல் சொல்லி வந்த மடல்கள். உங்கள் உழைப்பை ஒரே சொல்லில் தூக்கி எறிந்துவிட்டார், மனம் தளராதீர்கள் என்று முன்பின் பார்த்திராத மனிதர்கள் எனக்காகப் பரிந்து பேசினார்கள்.

ஒரு வரி போதும். அந்தச் சொல்லுக்கு எங்கள் ஊரில் இதுதான் அர்த்தம் என்று ஒரே வரி. தட்டத் தொடங்கினேன். 'எங்கள் வீட்டில்' என்று வந்ததும் விரல் நின்றுவிட்டது. அந்த இரண்டு சொல்லையும் அனுப்பினால் நானும் அப்படிப் பேசுகிறவன் என்று தெரிந்துபோகும். விஷமத்துக்குச் சிரித்த ஆள் எப்படிப்பட்டவன் என்பதும் தெரிந்துபோகும். இரண்டு நாளில் எல்லாம் அடங்கிவிடும் என்று எழுந்து வந்துவிட்டேன். ஒன்றும் அடங்கவில்லை. சிங்கப்பூர்க்காரர் வருத்தம் தெரிவிக்கும்படி அவளைக் கேட்டுக்கொண்டார். அவள் தெரிவித்தாள். "அறியாமல் எழுதிவிட்டேன். அனைவரும் மன்னிக்கவும். குழுவிலிருந்து விலகிக்கொள்கிறேன்." அதில் நான் களைவதற்கு ஓர் எழுத்துகூட இல்லை.

அதற்குப் பிறகுதான் எனக்குத் தைரியம் வந்தது. நடந்ததை எல்லாம் எழுதினேன், அவள் என் அக்கா என்பதையும் சேர்த்து. குழுவினர் நல்லவர்கள். கேலி செய்தவர்கள்கூட மன்னிப்புக் கேட்டார்கள். இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று சிங்கப்பூர்க்காரர் கேட்டார். அந்த அம்மா பேசுவதைக் கேட்காமல் கதை நகராது, அக்காவை எப்படியாவது அழைத்து வாருங்கள் என்றும் எழுதினார். அந்த மடல்களைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு ஸ்ரீவராகத்துக்குப் போனேன்.

கம்ப்யூட்டர் மேல் பழைய புடவைத் துண்டு ஒன்று போர்த்தியிருந்தது. அக்கா காப்பி கொண்டுவந்து வைத்தாள். காகிதங்களை நீட்டினேன். வாங்கி, படிக்காமல் மடித்து, மேஜையில் வைத்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் அடுத்த வீட்டு மாமி வாசலில் வந்து நின்றாள். வாங்கிப்போன இட்லிப் பாத்திரத்தை இன்றும் கொண்டுவர மறந்துவிட்டாளாம்.

"சாரமில்லை மாமி. நாளைக்குத் தந்தா போறும்" என்றாள் அக்கா, சிரித்துக்கொண்டே.

மாமி போனாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. "நான் அன்னிக்கே சொல்லியிருக்கணும் அக்கா. பயந்துட்டேன். அதுக்கு மின்னாடி சிரிச்சதும் நான்தான்" என்றேன்.

"சா..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள். என்னைப் பார்த்தாள். எங்கள் வீட்டில் யாரும் சொல்லி நான் கேட்டிராத ஒரு சொல்லை, அச்சில் இருப்பதுபோல் ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னாள்.

"பரவாயில்லை."