கேட்டதற்கு மேல் சொன்னது

காலை பத்து இருபதுக்கு, எங்கள் தோட்டத்தை அடுத்த சிங்களக் கிராமத்தின் ஒன்பதாவது வீட்டு வாசலில், த்ரீவீல் ஆட்டோ ஓட்டுகிற ஒருவன் என் மகளின் கையிலிருந்த தாள் கோப்பைப் பிடுங்கினான். நேரம் எனக்கு நிச்சயமாகத் தெரியும். அந்த வீட்டில் அடுப்பு எத்தனை மணிக்கு அணைந்தது என்று எழுத, ஒரு நிமிடம் முன்புதான் அவள் என் கையைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்த்திருந்தாள்.

மகள் அப்போது பல்கலைக்கழகத்தில் பொறியியல் மூன்றாம் வருடம். படிப்போடு தொழில்முனைவுப் பயிற்சி ஒன்றிலும் சேர்ந்திருந்தாள். நாலு பேர் ஒரு குழு. புதிதாக ஒரு பொருள் செய்து, அது ஆட்களுக்கு உண்மையிலேயே தேவை என்று காட்டி, வருடக் கடைசியில் நடுவர்கள் முன் நின்று பேச வேண்டும். வென்றால் பல்கலைக்கழகப் பட்டறையில் ஒரு வருடம் இடம் கிடைக்கும். இவள் குழு எடுத்தது விறகடுப்பு. இரத்தினபுரிப் பக்கத்து இறப்பர் தோட்டத்தில், இறப்பர் விறகுப் புகையில் கண்ணைக் கசக்கி வளர்ந்தவள் வேறு எதை எடுப்பாள்?

அங்கே படிப்பிக்கிற விதம் எனக்குப் பிடித்திருந்தது. நான் தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. கரும்பலகையில் விடையை எழுதிப்போட்டுப் பிள்ளைகளைப் பாடமாக்கச் சொல்கிறவள். அங்கேயோ, உன் யோசனையை நீயே நம்பாதே, போய் ஆட்களைக் கேள் என்றார்களாம். பயிற்சிப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் சில விதிகள் இருந்தன. இடையில் பேசாதே. உன் பொருளைப் புகழாதே. கேட்டதற்கு மேல் அவர்கள் சொல்வதை ஒரு சொல் விடாமல் எழுது, தொழில் அதில்தான் இருக்கிறது. கடைசி விதியின் கீழ் மகள் இரண்டு கோடு போட்டிருந்தாள்.

கேள்விகளைச் சிங்களத்தில் மாற்றிக் கொடுத்தது நான். வீட்டில் எத்தனை பேர் சாப்பிடுகிறீர்கள்? யார் யார் எத்தனை மணிக்கு வெளியே போவார்கள்? வீட்டில் ஆளில்லாத நேரம் எது? எல்லாம் அடுப்புக்கான கேள்விகள். வடக்கில் போர் முற்றிப்போயிருந்த வருடம் அது. பஸ்ஸில் சீட்டுக்கு அடியில் குண்டு இருக்கிறதா என்று குனிந்து பார்க்காமல் யாரும் உட்காராத காலம். அந்தக் காலத்தில் ஒரு தமிழ்ப் பெண் வீடு வீடாகப் போய் இதையெல்லாம் கேட்டால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தோன்றவேயில்லை. இலக்கணம் சரியா என்று மட்டும் இரண்டு தரம் பார்த்தேன்.

தோட்டத் தொழிலாளர் இருக்கிற லயத்து வீடுகள் மட்டும் போதாது, வேறு ஆட்களிடமும் கேட்க வேண்டும் என்று விரிவுரையாளர் சொல்லியிருந்தார். குழுவில் இருந்த சிங்களப் பையன் கூட வருவதாக இருந்தது. அவனுக்குக் காய்ச்சல். அடுத்த கிழமை போகலாம் என்றாள் மகள்.

"எதுக்கு? நான் வர்றேன். அங்க எல்லாருக்கும் என்னைத் தெரியும்" என்றேன்.

அப்படித்தான் போனோம்.

கோப்பைப் பிடுங்கியவன் தாள்களைப் புரட்டினான். எல்லாம் தமிழ் எழுத்து.

"யாருக்கு எழுதுறே இதை?" என்று சிங்களத்தில் கேட்டான்.

மகள் அடுப்பைப் பற்றிச் சொன்னாள். அதற்குள் கடையிலிருந்தும் கிணற்றடியிலிருந்தும் ஏழெட்டுப் பேர் வந்துவிட்டார்கள்.

"அடுப்பா? பஸ்ஸுல வைக்கிற அடுப்பா?" என்றான் ஒருவன். சிரித்தார்கள். நானும் சிரிக்கப் பார்த்தேன்.

"டீச்சர்தானே, நீங்களே சத்தமா படிங்க. சிங்களத்துல" என்று த்ரீவீல்காரன் தாள்களை என்னிடம் நீட்டினான்.

படித்தேன். முதல் வீடு, ஐந்து பேர், காலை நாலரைக்கு அடுப்பு. இரண்டாவது வீடு, மூன்று பேர். கூட்டம் கொஞ்சம் சலித்துப்போனது போலத் தெரிந்தது. ஆறாவது வீட்டுத் தாளில் மகள் இப்படி எழுதியிருந்தாள்: மகன் இராணுவம். மாதக் கடைசிச் சனி லீவில் வருவான். மாலை 5.30 பஸ். அன்றைக்கு விறகு இரண்டு மடங்கு. அந்த வீட்டு அம்மா நாங்கள் கேட்காமலே, பெருமையாகச் சொன்னது. விதிப்படி ஒரு சொல் விடாமல் எழுதியிருந்தாள். நாங்கள் போன அன்றும் மாதக் கடைசிச் சனிக்கிழமை.

"சில நாளைக்கு விறகு இரண்டு மடங்கு" என்று மட்டும் படித்துவிட்டு அடுத்த தாளை எடுத்தேன்.

அவன் என் கையைப் பிடித்துப் பழைய தாளைத் திருப்பினான். தமிழ் எழுத்து தெரியாதவனுக்கும் இலக்கம் தெரியும். விரலை அதன் மேல் வைத்தான்.

"அஞ்சு முப்பது. இதை நீங்க படிக்கலையே, டீச்சர்?"

"அடுப்பு பத்தவைக்கிற நேரம்" என்றேன் நான்.

"பஸ் வர்ற நேரம்" என்றாள் மகள்.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னோம். அவளுக்கு ஒளிக்க ஒன்றுமில்லை, அதனால் உண்மையைச் சொன்னாள். என் பொய்தான் அந்த உண்மையைக் குற்றமாக்கியது.

முதல் அறை எனக்கு விழுந்தது. மூக்குக் கண்ணாடி உடைந்து கன்னத்தில் குத்தியது. "கொட்டியா!" என்று யாரோ கத்தினார்கள், புலி என்று. அந்தச் சொல்லுக்குப் பிறகு வந்தவர்கள் எதையும் கேட்கவில்லை, நேரே அடித்தார்கள். மகளின் பின்னலைப் பிடித்து முற்றத்துக்கு இழுத்தார்கள். வேலியில் பிடுங்கிய கம்பால் ஒருவன் ஓங்கினான். அவள் தலையை மறைக்கக் கையைத் தூக்கினாள். கை முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. காய்ந்த இறப்பர்க் கிளை ஒடிகிற சத்தம்தான், வேறு மாதிரி எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நான் அவள்மேல் விழுந்தேன். என் முதுகில் மிதித்தார்கள். இரண்டு வருடம் முன்பு தபாற்கந்தோரில் எனக்குப் படிவம் நிரப்பித் தந்த மனிதர், செருப்பைக் கழற்றி என் காதோடு சேர்த்து அடித்தார்.

"மகளைப் பல்கலைக்கழகம் வரைக்கும் படிக்க வச்சது இதுக்கா? ஆ?"

மாதிரிக்குக் கொண்டுபோன அடுப்பை, தகரமும் களிமண்ணுமாகக் குழுவினர் ஒரு மாதம் செய்ததை, ஒருவன் தூக்கி அவள் காலில் போட்டான். உள்ளே குண்டு இருக்கிறதா என்று பார்க்க அதைக் கல்லால் உடைத்தார்கள். மண்தான் இருந்தது. அதற்குப் பிறகும் அடி நிற்கவில்லை. அவள் கத்துவதை நிறுத்தியபோதுதான் எனக்கு உண்மையான பயம் வந்தது. "அம்மா, எழும்பாதீங்க" என்று என் வயிற்றுக்குக் கீழிருந்து முனகினாள். உயிர் இருக்கிறது என்று அப்படித்தான் தெரிந்துகொண்டேன்.

யாரோ சொல்லி போலீஸ் ஜீப் வந்தது. எங்களைப் பிடித்துக்கொடுத்தார்கள், காப்பாற்றி அனுப்பவில்லை. தாள்களையும் கட்டிக் கொடுத்தார்கள்.

போலீஸ் நிலையத்தில் ஒரு பெஞ்சு. மகளின் கை முழங்கைக்குக் கீழே வளைந்து வீங்கியிருந்தது. ஆஸ்பத்திரிக்கு விடுங்கள் என்றேன். முதலில் வாக்குமூலம் என்றார் பொறுப்பதிகாரி. அவர் கத்தவில்லை, அடிக்கவுமில்லை. அந்தத் தாளை மட்டும் மேசையில் வைத்து, தமிழ் தெரிந்த ஒரு காவலரை அழைத்துப் படிக்கச் சொன்னார்.

"இராணுவச் சிப்பாய் ஒருத்தன் எந்த நாள், எந்த பஸ்ஸுல வர்றான்னு குறிச்சு வச்சிருக்கே. இதைக் கேக்கச் சொல்லியா பல்கலைக்கழகத்துல படிப்பிக்கிறாங்க?"

"கேக்கல சேர். அவங்களாச் சொன்னாங்க. சொன்னதை எழுதச் சொல்லியிருக்கு."

"யாரு சொன்னது?"

ஆறாவது வீடு என்றாள். காவலர் ஒருவர் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். வீடு பூட்டியிருக்கிறது என்றார். அப்படியானால் நாலு மணி வண்டியில் பிள்ளையைக் கொழும்புக்கு அனுப்புவதுதான் என்று பொறுப்பதிகாரி எழுதத் தொடங்கினார். விசாரணைக்கு என்று அப்படிப் போன எங்கள் தோட்டத்துப் பையன் ஒருவனின் அம்மா, மூன்று வருடமாகக் கடிதம் எழுதச் சொல்லி என்னிடம் வந்துகொண்டிருந்தாள். எத்தனை கடிதம் எழுதிக் கொடுத்திருப்பேன். ஒன்றுக்கும் பதில் வந்ததில்லை. நான் தரையில் உட்கார்ந்து அவர் மேசைக் காலைப் பிடித்துக்கொண்டேன். மகள் வேண்டாம் என்று தலையை அசைத்தாள்.

மூன்றே காலுக்கு ஆறாவது வீட்டு அம்மா வந்தாள். தனியாக வந்தாள். அவள் உதடும் வெடித்திருந்தது, யார் அடித்தார்கள் என்று சொல்லவில்லை. யாரும் கூப்பிடாமல் மேசைக்கு முன்னால் போய் நின்றாள்.

"அந்தப் பிள்ளை என் மகனைப் பத்தி ஒண்ணும் கேக்கல, மஹத்தயா. நான்தான் சொன்னேன். பஸ் நேரத்தையும் நான்தான் சொன்னேன். அதையும் எழுதிக்கோன்னும் சொன்னேன்."

பொறுப்பதிகாரி திரும்பத் திரும்பக் கேட்டார். அவளும் திரும்பத் திரும்ப அதையே சொன்னாள். கையெழுத்துப் போட்டாள். கொழும்புக்கு எழுதிய தாளைப் பொறுப்பதிகாரி ஓரமாக வைத்தார். பிறகு என் பக்கம் குனிந்து, மகளைப் பார்க்காமல், மெதுவாகச் சொன்னாள்:

"டீச்சர், ஊர் ஆளுங்க மகனுக்கு போன்ல சொல்லிட்டாங்க. வந்துக்கிட்டிருக்கான். அவன் வர்றதுக்குள்ள பிள்ளையைக் கூட்டிட்டுப் போயிருங்க. அவனை என்னால பிடிச்சு வைக்க முடியாது."