தவளையைத் தாண்டிய நிலா

அழவைக்கும் விளையாட்டை ஒரு குழந்தை ஏன் திரும்பத் திரும்பக் கேட்கிறது? எனக்கு இன்றும் புரியவில்லை.

குற்றால சீசனுக்காக வாசுதேவநல்லூரிலிருந்து என் மதினி, அதாவது என் கணவரின் அக்கா, தென்காசியிலுள்ள எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். அருவியில் வெள்ளம், குளிக்கத் தடை. எல்லோரும் வீட்டிலேயே முடங்கினோம். மூன்றாம் வகுப்பு படிக்கும் என் மகள் நிலா என் போனில் ஒரு கார்ட்டூன் விளையாட்டு ஆடினாள். தொப்பி போட்ட முயல் பள்ளங்களைத் தாண்டி ஓட வேண்டும். பாலத்தில் நிற்கும் ராட்சதத் தவளையின் நாக்கு பட்டால் முயல் விழுந்துவிடும். மறுபடி முதலிலிருந்து ஆட வேண்டும். விழுந்து விழுந்து நிலா தேம்பத் தொடங்கினாள்.

"பிள்ளை அழுதா, நீ பாத்துக்கிட்டு இருக்கியே! போனைப் பிடுங்கு" என்றார் மதினி. பிடிவாதம் வளர்ந்துவிடுமோ என்று எனக்கும் பயம்தான். போனை வாங்கி, விளையாட்டையே அழிக்கப் போனேன்.

"அழிக்காதம்மா! அது நாக்கை நீட்டுததுக்கு முன்னால கண்ணைச் சிமிட்டுது. இப்பதான் பாத்தேன். ஒரே ஒரு தடவை!"

தயங்கித் தயங்கித் திருப்பிக் கொடுத்தேன். மூக்கை உறிஞ்சியபடி அவள் காத்திருந்தாள். தவளை கண் சிமிட்டியது. உடனே குதித்த முயல் நாக்கைத் தாண்டிப் பாலத்தைக் கடந்துவிட்டது!

"தாண்டிட்டேன்!" என்று கட்டிலில் ஏறிக் குதித்தாள். மதினி அவளைத் தூக்கிச் சுற்றினார். "ஏட்டி, அடுத்து என்ன வருதுன்னு அத்தைக்குக் காட்டு!"

இப்போதெல்லாம் அவள் அழுதால் நான் போனைப் பிடுங்குவதில்லை. "எங்க விழுந்த?" என்று கேட்டுப் பக்கத்தில் உட்காருகிறேன். ஆனால் முயல் விழப்போகும்போது என்னையறியாமல் "குதி!" என்று கத்திவிடுகிறேன். அவளுக்குக் கோபம் வருகிறது. வாயை மூடிக்கொண்டு பார்த்திருக்க வழி தெரிந்த தாய்மார்கள் எனக்கும் எழுதுங்களேன்.