தாடை விழுந்த படம்

முருகன் படத்தைத் தவிர எங்கள் வீட்டுச் சுவரில் வேறு படம் இருந்ததில்லை. கிளிநொச்சிப் பக்கம் காடு வெட்டிக் காணி கொடுத்தபோது வந்து குடியேறியவர்கள் நாங்கள். ஸ்டூடியோவுக்குப் போய் நின்று படம் எடுக்க எங்களுக்கு ஏது நேரம்?

அந்த மாரிகாலம் முழுக்க அம்மா இருமினார். கைவைத்தியம் ஒன்றும் பலிக்கவில்லை. கடைசியில் டிஸ்பென்சரியில் மருந்து கொடுக்கிற அப்போதிக்கரி சொன்னாராம், பெரியாஸ்பத்திரியில் படம் பிடித்துப் பார்க்கவேண்டும் என்று. ஐயா வீட்டுக்கு வந்து, யாழ்ப்பாணம் போய்ப் படம் பிடிக்கவேணும் என்பதோடு நிறுத்திக்கொண்டார். நெஞ்சுப் படம் என்று சொன்னால் கசம் என்ற காசநோய்ப் பெயரும் கூடவே வந்துவிடும். அந்தப் பெயர் வெளியில் தெரிந்தால் பக்கத்து வீட்டுக் கிணற்றில்கூட வாளி போடமுடியாது.

போகிற நாள் காலை, தவழ்கிற வயதுத் தம்பியை அயல்வீட்டில் விட்டுவந்து, அம்மா பெட்டியைத் திறந்து கூறைச்சேலையை எடுத்து உடுத்தினார். முகத்துக்குப் பவுடர், தலைக்குப் பூ. ஐயா அதைப் பார்த்துவிட்டு வாசலில் போய் நின்றுகொண்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆஸ்பத்திரிக்கு யாராவது கலியாணப் பெண் மாதிரி போவார்களா? ரயிலில் எல்லோரும் எங்களையே பார்ப்பது போலிருந்தது. நான் யன்னல் பக்கமே முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரியில் ஐயா விறாந்தையில் நின்றுகொண்டார். பெண்பிள்ளை என்று அம்மாவுக்குத் துணையாக என்னை உள்ளே விட்டார்கள். நேர்ஸ் கூறையைக் களையச் சொல்லி, நாடா வைத்த வெள்ளைச் சட்டையொன்றைக் கொடுத்தார். கூறையும் தாலிக்கொடியும் என் கைக்கு வந்தன. படம் பிடிக்கிறவர் இளம் ஆள். நெஞ்சை எக்ஸ்ரேத் தகட்டோடு ஒட்டி, தாடையை அதன் விளிம்புக்கு மேலே தூக்கி வைக்கச் சொன்னார்.

"முகம் விழுமோ தம்பி?" என்று அம்மா கேட்டார்.

"முகம் விழாதம்மா. நெஞ்சு மட்டுந்தான். மூச்சைப் பிடிச்சுக்கொண்டு அசையாம நில்லுங்கோ."

அவர் மறைவுக்குப் போனதும் அம்மா மெல்லக் குனிந்து முகத்தைத் தகட்டுக்கு நேரே கொண்டுவந்ததை நான் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் படம் பிடிக்கிறவர் ஈரம் சொட்டும் படத்தோடு வந்து, தாடை படத்தில் விழுந்து பழுதாய்ப்போய்விட்டது என்று சிடுசிடுத்தார். இரண்டாந்தரம் அம்மா ஒழுங்காகத்தான் நின்றார். பிறகு சேலையை உடுத்திக்கொண்டு படம் பிடிக்கிறவர் முன்னால் போய் நின்றார்.

"அந்தப் பழுதாப்போன படத்தைத் தருவீங்களோ தம்பி? சின்னவனுக்குக் காட்டத்தான்."

"பிள்ளை எலும்பைப் பாத்துப் பயந்திடுமம்மா" என்று அவர் சிரித்தார். நேர்ஸ் சிரித்தார். வாசலில் காத்திருந்தவர்களும் சிரித்தார்கள். எனக்கு மானம் போயிற்று. அம்மாவின் கையை உதறிவிட்டு ஐயாவிடம் ஓடினேன்.

அடுத்த மாரிக்கு அம்மா இருக்கவில்லை. எக்ஸ்ரேக்கும் போட்டோவுக்கும் வித்தியாசம் தெரியாத அப்பாவி என்றே அம்மாவைப் பற்றி நெடுநாள் நினைத்திருந்தேன். தம்பிக்கு மீசை அரும்பிய வயதில் ஒருநாள், சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் தலை நிமிராமல் கேட்டான்:

"அக்கா, அம்மான்ர முகம் எப்பிடி இருக்கும்?"

நான் முருகன் படம் மட்டும் தொங்கிய சுவரைப் பார்த்தேன்; சின்னவனுக்குக் காட்டத்தான் என்று அம்மா அன்று கேட்டது அப்போதுதான் விளங்கிற்று.